விலை குறிக்கப்படாத அரைமணி நேரம்

'ஊசி போட மாட்டார்கள்' என்று பொய் சொல்லியே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர் பலர். முதல் ஊசியிலேயே அந்த நம்பிக்கை உடைகிறது.

பிரிட்டனில் 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் தவிப்பைக் காட்டியது. 1959-இல் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிப் பார்க்க அனுமதிக்கப் பரிந்துரைத்தது. நம் ஊரில் தாய் உடனிருப்பது இயல்பு. என்ன நடக்கப்போகிறது என்று குழந்தையிடம் சொல்லத்தான் ஆளில்லை.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. செவிலியர் அரைமணி நேரம் அமர்ந்து, மயக்க மருந்து முகமூடியைக் குழந்தையின் கையில் கொடுத்து விளக்குவதற்கு அதில் தனித் தொகை இல்லை. விலையில்லாத வேலை, நெரிசலான வார்டில் நடக்காது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை. அந்த அரைமணியையும் சிகிச்சைத் தொகுப்பில் அரசு சேர்க்க வேண்டும். அதுவரை, 'கொஞ்சம் வலிக்கும், நான் பக்கத்திலேயே இருப்பேன்' என்று பெற்றோராவது முன்கூட்டியே சொல்லலாம்.