மாயாவிக்குப் பிறகு யார்?

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எந்தப் பத்து வயதுக்காரன் அதில் லாஜிக் கேட்டான்? (பிளக்கில் விரலை விடாதவரை சரி.) ஆனால் மாயாவியும், லயன் காமிக்ஸின் சட்டித்தலையன் ஆர்ச்சியும் லண்டன் சரக்கு. அன்றைய வாசகர்களுக்கு நரை தட்டிவிட்டது. மறுபதிப்புகளுக்கு அலைவதும் அவர்களே. இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நம் ஊர்க் கதை எங்கே? மதுரையில், வறண்ட வைகை மணலில், ஆல்பர்ட் விக்டர் பாலத்துக்குக் கீழே ஒரு விண்கலம் இறங்கக் கூடாதா? அச்சகத்துக்குச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் வந்து படிக்க, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஓவியருக்குப் பக்கக்கூலியை ஒழுங்காகக் கொடுங்கள்; நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணையில் சித்திரக்கதைக்கும் இடம் ஒதுக்குங்கள்.