மாலை நேரம் பிள்ளைகளுக்கு உரியது

கிராம அபிவிருத்தி வேலைகளில் ஈடுபடும் எவரிடமும் ஒரு படிவம் இருக்கும். வீட்டின் கூரை ஓடா, தகரமா, கிடுகா, மலசலகூடம் உண்டா, கிணறு கட்டியதா, கட்டாததா, எத்தனை மாடு, எத்தனை ஆடு, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு. சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய நிறையும் உயரமும். இவை யாவும் தெரிந்திருக்க வேண்டிய விடயங்களே. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகளோடு விளையாடுவது யார், எந்த நேரத்தில் விளையாடுகிறார்கள் என்ற கேள்வியை நான் பார்த்த எந்தப் படிவத்திலும் காணவில்லை. ஏன் இல்லை என்று கேட்டால் சிரிக்கிறார்கள். விளையாட்டும் ஓர் அபிவிருத்தி விடயமா என்கிறார்கள்.

ஆம் என்பதே எனது கருத்து. அதை விளக்குவதற்கு எனது வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டரை. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடும்பம் எங்களுடையது. வயலிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்துவதற்கு முன்னரே இளையவன் முன்பாரைப் பிடித்துவிடுவான். அதில் ஒரு பழைய துவாய் சுற்றியிருக்கும். அதுதான் அவனுடைய ஆசனம். மூத்தவள் பின் கரியரில். வாய்க்கால் வரை ஒருதரம் போய்வர வேண்டும். கால்மணி நேரப் பயணம்.

அந்தக் கால்மணி நேரத்தில் எனக்கு ஓய்வு கிடையாது. “அப்பா, குளத்துக்கு எங்க இருந்து தண்ணி வருது?” என்று கேட்பாள். அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து வாய்க்காலால் கொண்டு வருகிறார்கள் என்பேன். “அருவியாத்துக்கு?” அநுராதபுரப் பக்கமிருந்து வருகிறது. “அங்க ஆர் திறந்து விடுறது?” மழை என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. எங்கள் வாய்க்காலுக்குத் துருசு திறக்க ஒருவர் வருவதை அவள் கண்டிருக்கிறாள். ஆகவே மழைக்கும் ஒரு திறப்புக்காரர் இருக்கத்தான் வேண்டும் என்பது அவளது வாதம். இதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீர்ப்பாசனக் கூட்டங்களில் கேட்கப்படும் கேள்விகளைவிட இவை கடினமானவை.

வீட்டுக்கு வந்தால் வேறு விவகாரம். பிஸ்கட் ஒன்று கிடைத்தால் பங்கு போடுவது மூத்தவளின் பொறுப்பு. தனது பாதியை அப்படியே வைத்துக்கொண்டு தம்பியின் பாதியை மூன்றாக உடைத்து, “உனக்கு மூண்டு, எனக்கு ஒண்டுதான்” என்று கொடுக்கிறாள். அவனும் தனக்குத்தான் கூட என்று ஊர் முழுவதும் காட்டித் திரிகிறான். இன்னும் சில மாதங்களில் அவன் உண்மையைக் கண்டுபிடிப்பான். அப்போது வீட்டில் பெரிய வழக்கு நடக்கும். மடுத் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் கார் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அதன் சில்லுகள் இப்போது அவர்களுடைய கடையில் காசாகப் புழங்குகின்றன. ஆனால் இரண்டு பனங்காயைக் கோதி, ஒரு தடியில் பூட்டி, கவர்த்தடி கொண்டு தள்ளும் பனங்காய் வண்டில் உடைந்தாலும் கவலையில்லை. அடுத்த பனைக்குக் கீழ் அடுத்த வண்டில் கிடக்கிறது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவும் இருவரும் பழகிவிட்டார்கள். ஞாயிறு பூசையில் எல்லோரும் “ஆமென்” சொல்லி முடித்து அமைதியான பின்னர் இளையவன் தனியாக ஒரு “ஆமென்” சொல்வது வழக்கம். முதலில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது முன்வரிசையில் இருக்கும் முதியவர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பவை. இவற்றால் பெற்றோருக்கு மனமகிழ்ச்சி. அதற்கு மேல் என்ன என்று கேட்கலாம். வயிற்றுக்கே வழியில்லாதவனிடம் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழி வெகுதூரத்தில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமெய்க்காவில் இருக்கிறது.

1986 - 87 காலப்பகுதியில் அந்நாட்டின் தலைநகரான கிங்ஸ்ரனின் வறிய பகுதிகளில், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் தெரிவு செய்தனர். அவர்கள் 9 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட வயதினர். சில குழந்தைகளுக்குக் கிழமைதோறும் பால்மா வழங்கப்பட்டது. சில குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியப் பெண் ஒருவர் கிழமைக்கு ஒருதடவை, ஒரு மணி நேரம் சென்றார். தாயையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்தி விளையாடக் காட்டிக் கொடுத்தார். விளையாட்டுப் பொருட்களோ வீட்டில் கிடக்கும் போத்தல், பெட்டி போன்றவற்றால் செய்யப்பட்டவை. சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு வருடங்கள் இது நடந்தது. ஏறத்தாழ 20 வருடங்களின் பின்னர் அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். 2014 இல் வெளியான முடிவின்படி, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் உழைப்பு வருமானம் அது கிடைக்காதவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய நீண்டகால வேறுபாடு காணப்படவில்லை.

இதைச் சொல்லும்போது கவனம் தேவை. உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 1973 இலிருந்து எமது நாட்டில் கிளினிக்குகளில் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா மாவினால் பயனடைந்த தாய்மாரும் பிள்ளைகளும் எத்தனையோ பேர். நிறை குறைந்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு வேண்டும். ஆயினும் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு எமது வேலை முடிந்தது என்று எழும்பிப் போவதற்கு இடமில்லை என்பதையே அந்த ஆய்வு காட்டுகிறது. 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனம், யுனிசெவ், உலக வங்கி என்பன சேர்ந்து வெளியிட்ட பிள்ளைப் பராமரிப்புச் சட்டகத்திலும் சுகாதாரம், போசாக்கு, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றல் ஆகியவற்றுடன், பிள்ளையின் சைகைக்கும் சொல்லுக்கும் உடனுக்குடன் மறுமொழி கொடுக்கும் பராமரிப்பும் சமமாக வைக்கப்பட்டிருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. உரிமை என்றால் அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

ஓரளவுக்கு நாம்தான் எடுத்துக்கொள்கிறோம். அபிவிருத்தி செய்ய வந்தவர்களும் பங்கின் செயற்பாட்டாளர்களும். ஒரு சாதாரண கிராமத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிக்கன கடனுதவிச் சங்கம், முன்பள்ளிப் பெற்றோர் குழு, மரண உதவிச் சங்கம், ஆலய சபை, அன்பியம் என்று எத்தனை கூட்டங்கள்! பகலில் சனம் வேலைக்குப் போய்விடும் என்பதால் இவற்றில் பெரும்பாலானவை பின்னேரம் ஐந்து மணிக்கு வைக்கப்படுகின்றன. ஐந்து மணிக்குக் கூடி, உத்தியோகத்தர் ஐந்தரைக்கு வந்து, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் முடிய ஏழு மணி. அந்த இரண்டு மணித்தியாலமும்தான் சிறு பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் ஒன்றாகக் காணக்கூடிய நேரம். எட்டு மணிக்கு அவர்கள் நித்திரை.

நுண்கடன் இதைவிடக் கடுமையாக வீட்டுக்குள் புகுந்தது. 2009 இன் பின்னர் வடக்கு கிழக்கில் பெருகிய கிழமைக் கடன்களின் சுமை, 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க முன்வருமளவுக்குப் போயிற்று. அக்கடன்களின் வட்டி வீதத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தாய் பின்பக்கம் ஒளிந்துகொள்ள, “அம்மா வீட்டில இல்லையெண்டு சொல்லு” என்று படலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒளித்துப் பிடித்து விளையாட வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை வேறொரு ஒளிப்பைப் பழகிக்கொண்டது.

வெளிநாடு போகும் தாய்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோருக்கு 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் செல்வது தடுக்கப்பட்டது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்ற கொள்கை டொலர் தட்டுப்பாட்டில் மூன்று வருடத்தை இழந்துவிட்டது. என்னுடைய மகனும் இரண்டு வயதைத் தாண்டியவன்தான். இரண்டரை வயதில் ஒரு பிள்ளை தாயின் சேலைத் தலைப்பை எத்தனை தரம் பிடிக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தால் இந்த வயதெல்லையின் அர்த்தம் விளங்கும். ஆனாலும் போகும் தாயைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பிள்ளையின் பசிதான் அவளைக் கட்டுநாயக்காவுக்கு அனுப்புகிறது. எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். தகப்பன் வெளிநாடு போகும்போது இந்த அறிக்கையை எவரும் கேட்கவில்லை. தகப்பன் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் குறையாது என்று சட்டமே முடிவு செய்துவிட்டது போலும்.

நாமும் அதைத்தானே நம்பி வருகிறோம். முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் வருவது தாய்மார். கிளினிக்குக்கு வருவது தாய்மார். தகப்பன் என்றால் பிள்ளைக்குப் பயம் இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. பிள்ளையோடு நிலத்தில் உருண்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. கூட்டத்துக்கும் போகாமல் வீட்டிலும் இராமல் மாலை நேரத்தைத் தவறணையில் கழிக்கும் தகப்பன்மாரை அறியாத கிராமம் இல்லை. அவர்களுக்கு மது ஒழிப்புக் கருத்தரங்குகள் பல வைத்தாயிற்று. இளைய மகன் படலையில் நின்று முன்பாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை எந்தக் கருத்தரங்கிலும் நாம் சொல்லவில்லை. 2025 இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இளம் பெற்றோரிடம் பிள்ளைகளோடு விளையாடுகிறீர்களா என்று பல தடவை கேட்டிருக்கிறார். அபிவிருத்திப் பணியாளரும் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய கேள்வி அது.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். பெரும் கஷ்டமான காலம். அதை நான் புகழவில்லை. ஆனால் தொலைக்காட்சியும் இல்லை, கைத்தொலைபேசியில் சார்ஜும் இல்லை என்றபோது எங்கள் ஒழுங்கையில் எல்லாக் குடும்பங்களும் முற்றத்துக்கு வந்தன. 1990 களில் ஜாம் போத்தல் விளக்கில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சுவரில் கைநிழலால் மானும் நாயும் காட்டத் தெரியும். அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மூத்தவள் அந்த மானைப் பிடிக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். மின்சாரம் வந்ததும் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டோம்.

சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டியதை மாற்கு நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மணவிலக்குப் பற்றிய கடினமான விவாதம் முடிந்த கையோடு நடந்த சம்பவம் அது. சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். நிகழ்ச்சி நிரலைக் காப்பாற்ற நினைத்தவர்கள். எமது கூட்ட ஒழுங்கமைப்பாளர்களைப் போன்றவர்கள் என்றே நான் எண்ணுகிறேன். இயேசு கோபித்தது அவர்களைத்தான்.

அடுத்த வருடத் திட்டத்துக்காகப் பங்குகளிலும் சங்கங்களிலும் கூடும்போது சில விடயங்களை யோசிக்கலாம். மாலை ஐந்து முதல் ஏழு வரை எந்தக் கூட்டமும் இல்லை என்று ஒரு கிராமமாவது தீர்மானிக்கட்டும். சேமிப்புப் பணம் சேர்ப்பதை ஞாயிறு பூசை முடிந்ததும் வைத்தால் என்ன? நாலு சங்கத்துக்கும் அனேகமாக அதே ஆட்கள்தான். மாதத்தில் ஒரே நாளில் நாலையும் முடிக்கலாம், நன்றியுரையும் ஒன்று மிச்சம். தவிர்க்க முடியாத கூட்டமானால் பக்கத்து மரத்தின் கீழ் ஒரு பாயை விரித்து, பிள்ளைகளோடு இருக்க ஓர் இளைஞரை விடலாம். படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்குக் கடதாசிச் செலவு மட்டுந்தான்.

முன்பள்ளிகளில் தவணைக்கு ஒருநாள் தகப்பன்மாரை மட்டும் அழைக்கலாம். பனங்காய் வண்டில் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடமிருந்து இளம் தகப்பன்மார் அதைப் பழகிக்கொள்ள ஒரு சனிக்கிழமை காலை போதும். பயிற்சிப் பட்டறை என்று பெயர் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கும் நிதி கிடைக்கும்.