பாத்ரூமை மாத்த பர்மிஷன் கேட்டால், வீட்டுக்கே ஆபத்தா? நொச்சிக்குப்பம் மக்களின் தவிப்பு: ஒரு அலசல்

சென்னை:-

பாத்ரூம் பீங்கான் உடைஞ்சு போச்சு. தண்ணி கீழ் வீட்டு கூரையில் ஒழுகுது. கொத்தனார், சித்தாள், பிளம்பர் மூணு பேர் வந்தால் சில நாளில் முடிகிற வேலை. ஆனால் நொச்சிக்குப்பத்தில் இந்த வேலைக்கு யாரிடம் அனுமதி வாங்கணும் என்று கேட்டால், ஒரு வரியில் பதில் வராது.

கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மெரினா லூப் ரோட்டை ஒட்டி இருக்கிறது நொச்சிக்குப்பம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சாந்தோம். வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள், தனி வீடுகள், கடல் பக்கத்துக் குடிசைகள் என எல்லாம் கலந்து கிடக்கும் மீனவர் பகுதி இது.

அக்டோபர் பிறந்து விட்டால் டிசம்பர் முடியும் வரை இங்கே வயிற்றில் புளியைக் கரைக்கும் காலம்தான். 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரை ஏறியது. 2023 டிசம்பரில் மிச்சாங் இங்கே கரையைக் கடக்காமலே சென்னையை வெள்ளத்தில் மிதக்க விட்டது.

முதல் அடி கழிவறைக்குத்தான்

புயல் வந்தால் கூரை பறக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் தரைத்தளத்து வீடுகளில் முதலில் மக்கர் பண்ணுவது பாத்ரூம்தான்.

மழைத்தண்ணீர் பாதாள சாக்கடையில் புகுந்து மேன்ஹோல் நிரம்பினால், வெளியே போக வேண்டிய கழிவு எதிர்த்திசையில் வரும். எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அது வழியாகப் பொங்கும். பெரும்பாலும் அது தரைத்தளத்து வீட்டின் கழிவறைதான். வயதானவர்களும் பெண்களும் கழிவறை இல்லாமல் ரெண்டு மூணு நாள் படுகிற அவஸ்தையைச் சொல்லி மாளாது.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. பீங்கானை ரெண்டு படி உயரம் தூக்கி வைக்கலாம். கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வை பைப்பில் மாட்டலாம். தளத்துக்கு நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு போடலாம். அதாவது, கடலோரத்தில் பாத்ரூமை மாத்துவது ஆடம்பரம் இல்லை. புயலுக்கு முன்னால் செய்கிற தற்காப்பு வேலை.

எத்தனை வாசல் ஏறி இறங்குவது?

முதலில், எல்லா வேலைக்கும் அனுமதி தேவை இல்லை. டைல்ஸ் மாத்துவது, குழாய், பீங்கான், வாஷ் பேசின் மாத்துவது போன்ற உள் வேலைகளுக்குப் பொதுவாக பிளான் அப்ரூவல் கேட்பதில்லை. சுவரை இடிப்பது, தளத்தை உடைப்பது, புதிதாக ஒரு அறையை இழுத்துக் கட்டுவது என்றால்தான் சங்கதி மாறுகிறது.

வாரிய வீடு என்றால் வாரியத்திடம் போகணும். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான், 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. விற்பனைப் பத்திரம் கைக்கு வரும் வரை வீடு வாரியத்தின் சொத்து. சுவரிலோ தளத்திலோ கை வைக்க அதன் சம்மதம் வேண்டும்.

தனி வீடு என்றால் மாநகராட்சியின் தேனாம்பேட்டை மண்டல ஆபீஸ். சாக்கடை இணைப்பு புதிதாக வேண்டும் என்றால் மெட்ரோ வாட்டர். பைப் போட ரோட்டைத் தோண்ட வேண்டி வந்தால் அதற்கும் ஒரு அனுமதி.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் சி.ஆர்.இசட். எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி.

1991 போட்ட முடிச்சு

1991-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு இது. கடல் அலை ஏறும் உச்சக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வந்தது. சென்னை போன்ற வளர்ந்த நகரப் பகுதிகளில், ஏற்கனவே இருக்கும் ரோட்டுக்குக் கடல் பக்கமாகப் புதுக் கட்டடம் கூடாது. பழைய கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். ஆனால் அது "அங்கீகரிக்கப்பட்ட" கட்டடமாக இருக்கணும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் குப்பத்து மக்கள் மாட்டிக் கொள்கிறார்கள். தாத்தா காலத்தில் இருந்து கரையில் குடியிருப்பார்கள். ரேஷன் கார்டு இருக்கும், ஓட்டு இருக்கும், கரண்ட் பில் இருக்கும். ஆனால் வீட்டுக்கு அப்ரூவல் பேப்பர் இருக்காது. பேப்பர் இல்லாத வீட்டின் பாத்ரூமுக்கு எப்படி பர்மிஷன் கேட்பது?

2024-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி தமிழக அரசு சுயசான்று திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. தி.நகரிலோ அடையாறிலோ சொந்த மனை வைத்திருப்பவருக்கு நல்ல வசதி. ஆனால் அதற்கும் மனை உரிமைப் பத்திரம் வேண்டும். அது இல்லாத மீனவர் குடும்பத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

சுனாமிக்குப் பிறகு வந்த உத்தரவு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி இந்தக் கரையையும் புரட்டிப் போட்டது. அடுத்த 3 மாதத்தில், 2005 மார்ச் 30-ந்தேதி, தமிழக அரசின் வருவாய்த் துறை 172-ம் எண் அரசாணையை வெளியிட்டது.

அதன் சாரம் இதுதான்:- கடலில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதம் அடைந்தவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால், ரூ.1.50 லட்சம் மதிப்பில் இலவசப் புது வீடு. போக மறுத்தால், இருக்கிற இடத்திலேயே சொந்தச் செலவில் ரிப்பேர் செய்து கொள்ளலாம். ஆனால் அரசு உதவி எதுவும் கிடையாது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரியும். உயிருக்கு ஆபத்தான இடத்தில் ஏன் இருக்கணும் என்று கேட்கலாம். ஆனால் மீனவனுக்குக் கடல்தான் கழனி. விடியற்காலையில் காற்றைப் பார்த்துப் படகைத் தள்ளுகிறவன், 20 கிலோ மீட்டர் தள்ளிப் போய் எப்படிப் பிழைப்பான்? சுனாமிக்குப் பிறகு சென்னை மீனவக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. பஸ் பிடித்துக் கடலுக்கு வரவேண்டிய நிலை.

அந்த அரசாணையால் மனதில் பதிந்தது ஒன்றுதான். ரிப்பேர் என்று வாயைத் திறந்தால், "இங்கே எதுக்கு இருக்கே?" என்ற கேள்வி வரும்.

பயத்துக்குக் காரணம் உண்டு

இது வெறும் பிரமை என்று ஒதுக்க முடியாது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லி மீனவர்களின் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டன. அந்த டிசம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2023 ஏப்ரலில் ஐகோர்ட்டு உத்தரவை அடுத்து லூப் ரோட்டு மீன் கடைகள் அகற்றப்பட்டு, சாலை மறியல் வரை போனது. 2024-ல் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடை பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. வீட்டுப் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

எனவே பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான். "கேட்டால்தானே வம்பு? கேட்காமலே செஞ்சுடுவோம்."

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்?

இங்கேதான் உண்மையான ஆபத்து. உப்புக்காத்து காங்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் சிமெண்டைப் பிளந்து தள்ளும். பாத்ரூம் தளம் எப்போதும் ஈரமாக இருப்பதால் இந்த நோய் அங்கே சீக்கிரம் பரவும்.

அப்படிப்பட்ட தளத்தை, பீங்கான் பதிக்கவும் பைப்பை இறக்கவும் மெஷின் வைத்து உடைக்கிறார்கள். குறுக்கே வரும் கம்பியை வெட்டி எறிகிறார்கள். இடம் போதவில்லை என்று பால்கனியை அடைத்து பாத்ரூம் ஆக்குகிறார்கள். மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால், தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன். அந்தத் தளம் இதைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஒரு என்ஜினீயர் வருவதில்லை. வரச் சொன்னால்தானே வருவார்?

பழைய வாரியக் கட்டடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2021 டிசம்பர் 27-ந்தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து தரைமட்டம் ஆனது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. 2024 டிசம்பரில் நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் சன்ஷேடு விழுந்து ஒரு வாலிபர் பலியானார்.

வெளிச் சுவரே இப்படி என்றால், ஒழுகுகிற பாத்ரூம் தளத்தின் கதியை யோசித்துப் பார்க்கலாம்.

புயல் ஊரில் வேறு எப்படி?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவும் புயலுக்குப் பேர் போன இடம். 1992-ல் ஆண்ட்ரூ புயல் அடித்து நொறுக்கிய பிறகு விதிகளைக் கடுமையாக்கி, 2002-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதியைக் கொண்டு வந்தார்கள். அங்கே பாத்ரூமில் பைப் லைனை மாத்தினால் பர்மிட் வாங்கணும், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்.

வெள்ள அபாயப் பகுதி என்றால் இன்னொரு விதி. ரிப்பேர் செலவு கட்டட மதிப்பில் பாதியைத் தொட்டால், வீடு முழுவதையும் இன்றைய வெள்ள விதிக்கு ஏற்ப மாற்றணும். பெரும்பாலும் வீட்டையே உயர்த்த வேண்டி வரும். கையைக் கடிக்கிற செலவுதான். அங்கேயும் முணுமுணுப்பு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அனுமதி ஆபீஸ் கேட்கும் கேள்வி, "இந்தக் கட்டடம் புயலில் நிற்குமா?" என்பது. நொச்சிக்குப்பத்துக்காரர் பயப்படும் கேள்வி, "நீ இங்கே இருக்கலாமா?" என்பது. முதல் கேள்வி உயிரைக் காப்பாற்றும். ரெண்டாவது கேள்வி ஆளை ஆபீஸ் பக்கமே வர விடாது.

சட்டத்திலேயே வழி இருக்கு

2011-ம் ஆண்டு வந்த கடலோர மண்டல அறிவிப்பு ஒரு முக்கியமான கடமையைச் சொல்கிறது. மீனவர்களின் நீண்ட கால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் போடணும். அதில் சுகாதார வசதி, பாதுகாப்பு, பேரிடர் முன்னேற்பாடு எல்லாம் இருக்கணும். பாத்ரூம் என்ற வார்த்தை இல்லையே தவிர, பேசுவது அதைப் பற்றித்தான்.

2019 அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 300 சதுர மீட்டர் வரை சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, கடலோர மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை இல்லாமல் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம் என்றது. ஆனால் மாநிலத்தின் புதிய கடலோர வரைபடம் ஒப்புதல் ஆனால்தான் இந்த விதி அங்கே அமலுக்கு வரும். 2023-ல் வெளியான வரைவு வரைபடத்தில் மீனவக் கிராமங்களும் அவர்கள் புழங்கும் இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வரைபடத்தில் ஊரே இல்லை என்றால், அந்த ஊரில் வீட்டுக்கு ஏது அனுமதி?

இப்போது செய்யக் கூடியது

பெரிய திட்டம் வரும்போது வரட்டும். அதுவரை மூணு காரியம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

1. எந்த வேலைக்கு அனுமதி வேண்டாம், எந்த வேலைக்கு வேண்டும் என்று வாரியமும் மாநகராட்சியும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பிளாக்கிலும் ஒட்டலாம்.

2. புயல் சீசனுக்கு முன்பு, செப்டம்பரிலேயே என்ஜினீயர்கள் குப்பத்துக்கு வந்து, பாத்ரூம் தளத்தையும் பைப்பையும் பார்த்துச் சொல்லலாம்.

3. ரிப்பேர் கேட்டு மனு கொடுத்ததை, காலி செய்யச் சொல்லும் நோட்டீசுக்குக் காரணமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்து மூலம் உறுதி தரலாம்.

குடியிருப்பவர்களும் சும்மா இருக்கக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணை, வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, நனையாத கவரில் வைக்கணும். எந்த மனு கொடுத்தாலும் ரசீது வாங்கணும். தளத்தை உடைக்கும் முன் கீழ் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லணும். கம்பியை வெட்டச் சொன்னால் வேலையை நிறுத்தணும். சாக்கடை அடைப்புக்கு மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணையும், மாநகராட்சிப் புகாருக்கு 1913 எண்ணையும் கூப்பிடலாம். அடைப்பு எடுக்க பாதுகாப்பு சாதனம் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு பீங்கானை மாத்துவதற்குக்கூட பயந்து பயந்து, ராத்திரியில் சத்தம் இல்லாமல் சுவரைத் தட்டுகிற நிலைமை எந்த ஊருக்கும் வரக்கூடாது. அப்படித் தட்டிய சுவர் எந்தப் புயலில் விழும் என்று யாருக்கும் தெரியாது. விழும்போது, அது அப்ரூவல் பேப்பர் இருக்கிற வீடா, இல்லாத வீடா என்று பார்த்து விழாது.