அடப்பங்கொடியைப் பிடுங்கிவிட்டுப் புல் கம்பளம் விரிக்கும் புத்திசாலிகள்

புது வீடு கட்டி முடித்த கையோடு பலருக்கும் வருகிற ஆசை, வாசலில் ஒரு 'லான்'. சினிமாவில் ஹீரோயின் அப்பா பேப்பர் படிப்பாரே, அந்த மாதிரிப் பச்சைப் பசேல் என்று ஒன்று. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இந்த ஆசை வந்தால் பர்ஸுக்குக் கேடு. தங்கச்சிமடத்தில் வந்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துக் கேடு!

முதல் வேலையாக என்ன செய்கிறார்கள்? மணலில் தானாகப் படர்ந்து கிடக்கிற அடப்பங்கொடியை 'களை' என்று சொல்லி வேரோடு பிடுங்குகிறார்கள். இதைக் களை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகப் பூப்பெயர் சொல்கிறாரே, அதில் 'அடும்பு' என்று வருவது இதுதான். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் வாடிவிடுகிற ஊதாப்பூ. விதை கடலில் மிதந்தே போய் முளைக்கும் என்பதால் உலகத்தில் வெப்பமான கடற்கரை எங்கே இருந்தாலும் இந்தக் கொடி இருக்கும். சொறிமீன் பட்ட இடத்தில் இதன் இலையை அரைத்துப் பூசுகிற பழக்கம் பல நாட்டு மீனவர்களிடம் உண்டு. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள் மணல் வாரி இறைக்காமல் பார்த்துக்கொள்வது இதுவும் இராவணன் மீசையும்தான். சம்பளம் கேட்காத வாட்ச்மேன்கள்.

அவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நர்சரியிலிருந்து கொரியன் புல் வாங்கி, லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, அதன் மேல் விரிக்கிறார்கள். பிறகு தண்ணீர். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். வெயில் காலத்தில் புல்தரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். ஆக 200 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் பதிமூன்று குடம். ஒரே ஒரு சென்ட்டுக்கு, ஒரே ஒரு நாளைக்கு! இந்தக் கரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் இப்படி ஊற்றினால் 36,000 லிட்டர், அதாவது மூன்று டேங்கர் லாரி. இடையில் கோடை மழை வந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வருமானம் பூஜ்யம். எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் இதைச் 'சொத்து' பக்கத்தில் எழுத ஆடிட்டர் சம்மதிக்க மாட்டார்.

"போர் போட்டாச்சு, சொந்தத் தண்ணி, யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள். சொந்தத் தண்ணீர் என்று ஒன்று தீவில் கிடையாது மக்களே. மணலுக்குள் இறங்குகிற மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு. அதனால் உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளே இருக்கிற கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பார்த்து அதிசயப்படாதவர்கள் கிடையாது. ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது நம்பிக்கை. மணலுக்கடியில் நன்னீர் கடல் வரைக்கும் நகர்ந்து வருகிறது என்பது நிலத்தடி நீரியல். இரண்டுக்கும் சண்டை இல்லை. ஆனால் கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இரண்டு பேர் கண்டுசொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அதையே திருப்பிப் படித்தால் வயிற்றைக் கலக்கும். மேலே ஒரு அடி இறங்கினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறப் பார்க்கும்.

ஏறினால் யாருக்கு நஷ்டம்? லான் போட்டவருக்கு இல்லை, அவர் கேன் வாங்கிக் குடிப்பார். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுகிறவர்களுக்கு. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள், சரி. ஆனால் அந்தத் தோட்டங்களுக்கு நாற்று போவது இந்த மணலிலிருந்து. குச்சியை வெட்டி மணலில் ஊன்றி, நல்ல தண்ணீர் தெளித்து வேர் பிடிக்க வைக்கிற தொழில். அந்தத் தண்ணீர் உப்பாகிவிட்டால் நாற்று கருகும். பார்ப்பதற்கு மட்டுமே உதவுகிற புல்லுக்காக, பிழைக்க உதவுகிற செடியைக் காயப்போடுவது என்ன நியாயம்?

மொட்டை மணலாகக் கிடக்கட்டும் என்றோ, வாசல் முழுக்க சிமெண்ட் பூசு என்றோ யாரும் சொல்லவில்லை. (சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம். மழைத்தண்ணீர் உள்ளேயே இறங்காது.) தரை மூட வேண்டும், சரியான செடியால் மூட வேண்டும். கடலைப் பார்த்த பக்கம் அடப்பங்கொடி. உப்பு ஏறிய இடத்தில் வங்காரவள்ளை. கால் படுகிற இடத்தில் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே பொடுதலைதான். ஜப்பானில் அதிலிருந்து ரகம் உருவாக்கி, 'குராப்பியா' என்று பெயர் வைத்து, புல்லுக்குப் பதிலாக நடச் சொல்லி கலிபோர்னியாவில் விற்கிறார்கள். புல்லேதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு அருகம்புல் இருக்கிறது. பெர்முடா கிராஸ் என்று விதைப் பாக்கெட்டில் போட்டால் ஸ்டைல், பிள்ளையார் தலையில் வைத்தால் பட்டிக்காடா?

ஒரு எச்சரிக்கை. தரை மூடும் செடி கொடுங்கள் என்று கேட்டால் பல நர்சரிகளில் மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவைத் தூக்கிக் கொடுப்பார்கள். சீக்கிரம் படரும், அழகாகவும் இருக்கும். மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி அது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் இடம்பிடித்த பெருமை அதற்கு உண்டு. நம்ம பொடுதலையின் சொந்தக்காரனுக்கும் வெளியூரில் இதே கதைதான், ஆஸ்திரேலிய ஆற்றுச் சமவெளிகளில் பொடுதலையின் நெருங்கிய உறவுச் செடியைக் களையாகத்தான் பார்க்கிறார்கள். எது எங்கே வளர்கிறது என்பதுதான் விஷயம்.

கொடி இருந்தால் பாம்பு வருமே என்பது அடுத்த கேள்வி. இடுப்பளவு புதரில் பாம்பு ஒளியும், உண்மைதான். பொடுதலை தரையோடு ஒட்டிக் கிடக்கும், அதில் ஓணான் ஓடினாலே தெரியும். அடப்பங்கொடி கொஞ்சம் அடர்த்தி, அதை வாசற்படியிலிருந்து பத்தடி தள்ளியே விட்டுவிடலாம். பொடுதலைப் பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூக்கும்போது ஒரு முறை வெட்டிவிட வேண்டும்.

நடுவதற்கும் பெரிய வித்தை தேவையில்லை. அக்டோபரில் முதல் மழை பெய்ததும் கணுவோடு வெட்டிய துண்டுகளை ஈர மணலில் ஊன்றினால் போதும். மல்லிகைக் குச்சி ஊன்றத் தெரிந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. லாட்ஜ்காரர்கள் கொரியன் புல்லுக்குக் கொடுக்கிற காசில் பாதியைக் கொடுத்து அவர்களிடமே அடப்பங்கொடி நாற்றும் பொடுதலை நாற்றும் கேட்டுப் பார்க்கலாம்.