ஸ்பேசருக்கு நம் வீதிகளில் இடமில்லை

மன்னார் வீதிகளிலும் இப்போது சக்கரம் வெளியே தள்ளிய கார்களைக் காண முடிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். புதுக் கார் கிடைக்காத அந்த ஆண்டுகளில் பழைய விட்ஸும் அக்ஸியோவும் புதுச் சோடனை பெற்றதில் வியப்பில்லை. ஆசன உறையும் புது வர்ணமும் எவரையும் கொல்லப் போவதில்லை. சக்கரத்தை வெளியே தள்ளுவதற்காக ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகும் அலுமினியத் தகட்டைப் பற்றி, அதாவது வீல் ஸ்பேசரைப் பற்றி, அப்படிச் சொல்ல முடியாது.

காரின் பாரத்தை ஸ்ரட்டுகள், அதாவது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நட் பூட்டும் புரிக்கம்பிகள், தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தாங்குவது, நட் இறுகும்போது ரிம் ஹப்போடு அழுந்தி நிற்கும் பிடி. அந்தப் பிடியை விடாமல் இழுத்து வைத்திருப்பதே ஸ்ரட்டின் வேலை. பிடி தளர்ந்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்ரட் சிறிது வளைந்து நிமிர்கிறது. கம்பியை வளைத்து நிமிர்த்தியே முறிப்பதுபோல, ஒருநாள் அதுவும் முறியும்.

கணக்கு மிக எளிது. டொயோட்டா சிறு கார்களின் ஸ்ரட் 12 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒரு சுற்றுக்கு நட் 1.5 மில்லிமீற்றர் உள்ளே போகும். ஸ்ரட்டின் விட்டத்தளவுக்காவது நட் புரியில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் எல்லோரும் அறிந்த விதி. அதற்கு எட்டுச் சுற்று வேண்டும். நீளமான ஸ்ரட் மாற்றாமல் 5 மில்லிமீற்றர் தகட்டைச் செருகினால் மூன்று சுற்றுக்கு மேல் பறிபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நட் பூட்டித்தான் இருக்கும்.

தனி ஸ்ரட்டுகளோடு வரும் தடித்த ஸ்பேசர் பாதுகாப்பானது என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் அதை ஹப்போடு பிணைக்கும் நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொட முடியாது. ஒட்டுக்கடையில் இறுக்கப்படுவது வெளி நட் மட்டுமே. உள்ளே தளர்ந்தது தளர்ந்தபடியே ஓடும். தகட்டின் நடுத்துளை ஹப்போடு பொருந்தாவிட்டால் சக்கரம் மையம் தவறி நடுங்கும். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பெயாரிங் மீதான நெம்புவிசை கூடும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்ரியரிங் கையை இழுக்கும், ஆட்கள் நிறைய ஏறினால் ரயர் மட்காட்டில் உரசும்.

இவை எந்த ஊருக்கும் பொதுவானவை. மன்னாருக்கு இன்னொன்று உண்டு. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் சோளகக் காலம் முழுவதும் உப்புக்காற்று வாரி அடிக்கிறது. தம்பபவனி காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதும் அந்தக் காற்றை நம்பித்தான். அலுமினியமும் உருக்கும் ஒன்றோடொன்று தொட்டு நிற்க, நடுவே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைத் தூளாகும். தூள் படிந்த முகத்தில் பிடி நிலைக்காது. போதாக்குறைக்கு, தலைமன்னார் வீதியில் இரவில் நிற்கும் கழுதைகளும் மாடுகளும். அவற்றுக்காகத் திடீரென வெட்டி எடுக்கும் அந்தக் கணத்தில்தான் சக்கரத்தின் மீது பக்கவாட்டு விசை அதிகம்.

“என் கார், என் காசு” என்பார்கள். எண்பது கிலோமீற்றர் வேகத்தில் கழன்ற சக்கரம் காரோடு நிற்காது. எதிரே சைக்கிளில் வரும் எருக்கலம்பிட்டிப் பிள்ளைக்கும், விடியற்புறம் மீன் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் பேசாலை வியாபாரிக்கும் அந்தக் காரின் அழகில் என்ன பங்கு?

“ஜேர்மனியில் பூட்டுகிறார்களே” என்ற கேள்வி நியாயமானது. போர்ஷே நிறுவனமே சில கார்களுக்கு ஸ்பேசர் தருகிறது. ஆனால் ஜேர்மனியில் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு அந்தந்தக் காருக்கான தொழில்நுட்பச் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற பரிசோதகரின் பார்வையையும் அது தாண்ட வேண்டும். அங்கே உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிக்கோவை, உற்பத்தியாளரே பொருத்தியது தவிர்ந்த ஸ்பேசரை ஏற்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

நம் நிலை என்ன? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க, தனியார் கார்க்காரர் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டினால் போதும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம், ஐந்துபேர் குடும்பத்தோடு மடுத் திருவிழாவுக்குப் போகும் காரின் சக்கரத்தை ஒருதரம்கூடக் கழற்றிப் பார்ப்பதில்லை. 2025இன் தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பொலிஸார் அனுமதியற்ற உதிரிகளை அகற்றப் புறப்பட்டார்கள். பஸ், முச்சக்கரவண்டிச் சங்கங்கள் கொதித்தெழ, கால அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த வாக்குவாதமெல்லாம் கண்ணில் படும் விளக்கையும் அலங்காரத்தையும் சுற்றியே நடந்தது. சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் தகட்டைப் பற்றி எவரும் பேசவில்லை.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், உற்பத்தியாளர் வழங்காத ஸ்பேசர்களின் விற்பனையையும் பூட்டுதலையும் வர்த்தமானி மூலம் தடைசெய்ய வேண்டும். ஒவ்வொரு உதிரியையும் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு நாட்டில் உருவாகும்போது தடையைத் தளர்த்துவது பற்றிப் பேசலாம். புகைப் பரிசோதனைக்கு வரும் காரின் சக்கரம் மட்காட்டைத் தாண்டி நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பார்வையையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். கராஜ்காரர்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் “பூட்டமாட்டோம்” என்று சொல்ல வேண்டும். ஏற்கனவே பூட்டியவர்கள் தகட்டைக் கழற்றி, ஸ்ரட்டின் புரி தேய்ந்திருந்தால் மாற்றி, உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குவியுங்கள். டொயோட்டா சிறு கார்கள் பலவற்றுக்கு அந்த அளவு 103 நியூட்டன் மீற்றர்.