மரத்தில் ஏறுகிறவனுக்கும் ஒரு பேர் வேண்டும்



2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி காலை, மழைக்கு நடுவே, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா அருகே ஒரு பெரிய மரம் முறிந்து தெனியாய நோக்கிச் சென்ற அரசாங்க பஸ் மீது விழுந்தது. ஐந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகு நகரத்தின் வீதியோர மரங்களில் எவையெல்லாம் ஆபத்தானவை, எவற்றை வெட்ட வேண்டும் என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். பேச வேண்டிய விடயம்தான். ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்த ஆபத்தான மரங்களில் ஏறி வெட்டப்போவது யார்?

பிரதான வீதியில் நிற்கும் மரத்துக்கு மாநகர சபை பொறுப்பு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு முற்றங்களிலும் நிற்கும் மாமரம், பலா, ஈரப்பலா, தென்னைக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. ஓர் அடி இடமில்லாமல் பக்கத்து வீட்டுக் கூரை, எதிர்வீட்டு மதில், தலைக்கு மேலே மின்கம்பி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிளையை இறக்குவது காட்டில் ஒரு மரத்தைச் சாய்ப்பதைவிடக் கடினமான வேலை. அந்த வேலைக்கு அழைக்கப்படுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நமது தோட்டப் பாடசாலைகளில் சாதாரண தரம் வரை படித்துவிட்டு, ஹற்றனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் பஸ் ஏறி, கொழும்பில் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர்களைத்தான் சொல்கிறோம். லீவு நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "தம்பி, ஒரு மரம் இருக்கு. வந்து வெட்டித் தந்துட்டுப் போ." அவன் தயங்கினால் பதில் தயாராக இருக்கும்: "நீ தோட்டத்துப் பொடியன்தானே, மரம் ஏறுறது பழக்கம்தானே."

கேட்கும்போது புகழ்ச்சி போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. பழக்கப்பட்டவன் என்றால் தலைக்கவசம் வாங்கித் தர வேண்டியதில்லை, பாதுகாப்புப் பட்டி வேண்டியதில்லை, கீழே கயிறு பிடிக்க இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அவனுடைய "பழக்கம்" மற்றவருடைய செலவைக் குறைக்கிறது.

வெட்டுவது ஒரு தொழில் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவ்வாத்து என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். எந்த உயரத்தில் வெட்டுவது, எந்தச் சாய்வில் கத்தியைப் போடுவது, எந்த வாதை விடுவது என்று பெரியவர்களோடு நின்று பழகியவரிடம்தான் கவ்வாத்துக் கத்தி போகும். தவறாக வெட்டினால் செடி பட்டுப்போகும், மலையே பாழாகும் என்பதால் தோட்டம் அதில் கவனமாக இருக்கிறது. இடுப்பளவு தேயிலைச் செடிக்கு இவ்வளவு பயிற்சி தேவை என்றால், ஐம்பது அடி மரத்தின் மேல் செயின் சோ இயந்திரத்தோடு தொங்குகிறவனுக்கு எவ்வளவு தேவை?

அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அலகின் மேல்முனை ஒரு கிளையில் பட்டால், அது வெட்டுகிறவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திருப்பி அடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். கையை எடுக்க நேரமிருக்காது. இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தால்தான் ஓரளவாவது தாங்கலாம். நம் பிள்ளைகளோ ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். உடம்பைக் கட்டக் கயிறு இல்லாதவனுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

சாய்ந்து நிற்கும் மரத்தை முறை தெரியாமல் வெட்டினால், வெட்டு முடியும் முன்பே அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்னால் நிற்பவரை அடிக்கும். காற்றில் விழுந்து வளைந்து கிடக்கும் மரம் இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது. எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்று பார்க்காமல் வெட்டினால் தெறிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு புயலுக்குப் பிறகு பாதையைத் திறக்கும் அவசரத்தில், எந்த அறிவுறுத்தலும் இல்லாமல் கையில் இயந்திரம் கொடுக்கப்படுகிறவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பச்சைக் கிளை மின்கம்பியில் பட்டால் மின்சாரம் கிளை வழியாகவும் வரும் என்பதை யார் சொல்கிறார்கள்?

முறையில்லாத வெட்டு, வெட்டுகிறவனை மட்டும் பாதிப்பதில்லை. "மேலே எல்லாத்தையும் மொட்டையடிச்சு விடு" என்பதுதான் பல வீட்டுக்காரர்கள் கேட்பது. மொட்டையடித்த மரம் கட்டைகளிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகள் வேகமாக வளர்ந்தாலும் பிடிமானம் குறைந்தவை. வெட்டுவாயில் மழைநீர் இறங்கி உள்ளே உக்கும். வெளியில் பச்சையாக நிற்கும் மரம் உள்ளே கோறையாகிவிடும். குழாய் போடவும் சீமெந்து பூசவும் வேரையும் வெட்டிவிட்டால், அடுத்த பெருமழையில் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே பயிற்சியுள்ள ஆளைக் கேட்பது வீட்டுக்காரருக்கும் நல்லது, வழியால் போகிறவருக்கும் நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது? பலாவையும் ஈரப்பலாவையும் பாதுகாக்க 1951 ஆம் ஆண்டிலேயே மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அவற்றை வெட்ட அனுமதி பெற வேண்டும். செயின் சோ இயந்திரங்களைப் பொலிஸில் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 இல் அரசாங்கம் அறிவித்தது. காடழிப்பைத் தடுப்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆக, மரத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, இயந்திரத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது. மரத்தில் ஏறும் மனிதனின் பேர் எங்கே பதியப்படுகிறது? 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையிலும் கட்டட வேலைத்தளத்திலும் பாதுகாப்பைக் கேட்கிறது. வீட்டு முற்றத்துக்கோ தேயிலை மலைக்கோ அது வருவதில்லை.

விபத்து நடந்தபின் உதவும் சட்டம் ஒன்று உண்டு. அது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022 திருத்தத்தில் ஆகக்கூடிய நட்டஈடு 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதைக் கேட்பதற்கு, யாரிடம் வேலை செய்தோம், என்ன கூலி, எந்த நாள் என்று காட்ட வேண்டும். தொலைபேசியில் பேசி, கையில் காசு வாங்கி, யாரோ ஒரு தரகர் அனுப்பிப் போன வேலையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் கேட்டால் "மரத்திலிருந்து விழுந்தவர்" என்று எழுதிவிடுவார்கள். வேலையில் விழுந்தவர் என்பது அந்த ஏட்டில் இராது.

இது கொழும்பின் கதை மட்டுமல்ல. நம் தோட்டங்களிலும் சவுக்கும் டர்பன்டைனும் கொந்தராப்புக்கு விடப்படுகின்றன. கொந்தராப்புக்காரர் ஆட்களைக் கொண்டுவருவார். அவர்கள் பேர் செக்றோலில் விழாது. சில மலைகளில் ஒரு பக்கம் நிழல்மரம் வெட்டு நடக்க, மறுபக்கம் நம் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1998 இல் காட்டு வேலைக்கான பாதுகாப்பு விதிக்கோவையை வெளியிட்டு, பயிற்சியையும் பாதுகாப்பு உடையையும் வலியுறுத்தியிருக்கிறது. அதெல்லாம் நம் மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை.

"இதையெல்லாம் கேட்டால் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்று நம் தம்பிமார் சொல்வது நமக்குத் தெரியும். பொய்யில்லை. வீட்டில் அடகு மீட்க வேண்டும், தங்கச்சிக்குப் பாடசாலைச் செலவு அனுப்ப வேண்டும் என்றிருப்பவன் தனியாக நின்று மறுப்பது கஷ்டம். அதனால்தான் இதைத் தனியாள் தைரியத்தில் விட முடியாது என்கிறோம். ஒருவன் மறுத்தால் ஆள் மாறும். எல்லோரும் ஒரே நிபந்தனையைச் சொன்னால் கூலி மாறும்.

நாம் கேட்பவை இவை. தோட்டத்தில் மரம் வெட்டும் எவரது பேரும், கொந்தராப்பு ஆளாக இருந்தாலும், அன்றன்று ஏட்டில் பதியப்பட வேண்டும். மரம் வெட்டும் மலையில் அந்த நேரத்தில் கொழுந்து வேலை நடக்கக்கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, கால் பாதுகாப்பு, பட்டி, கயிறு ஆகியவற்றை வேலை கொடுப்பவரே தர வேண்டும். அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழ்மொழி மூலம் இந்தத் தொழிலுக்கு ஒரு பயிற்சி வேண்டும். அதன் சான்றிதழ் இல்லாமல் செயின் சோவோடு மரத்தில் ஏற்றக்கூடாது.

கொழும்பில் இருக்கும் தம்பிமாருக்கு: தனியாகப் போகாதீர்கள். கீழே ஓர் ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். மழையிலும் காற்றிலும் ஏறாதீர்கள். கம்பி அருகே இருந்தால், மின்சார சபை வந்து மின்னோட்டத்தை நிறுத்தும்வரை கை வைக்காதீர்கள். போகுமுன் வீட்டுக்காரரின் பேர், விலாசம், பேசிய கூலி மூன்றையும் ஒரு குறுஞ்செய்தியாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஏதும் நடந்தால் 1990 ஐ அழையுங்கள். வேலை செய்யும்போது விழுந்ததாகவே ஆஸ்பத்திரியில் எழுதச் சொல்லுங்கள். அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

தாய்மாரே, தகப்பன்மாரே, மகன் காசு அனுப்பும்போது என்ன வேலையில் வந்த காசு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தேயிலை மலையில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு வைத்துத்தான் நம் பாட்டன் பூட்டன் காலம் முதல் உழைத்து வந்திருக்கிறோம். அந்தப் பேருக்காகவே எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். மரத்தின் உச்சியில் நிற்கும் நம் பிள்ளைக்கும் அந்தப் பேரைக் கேட்டு வாங்குவோம்.