புழுதியில் ஓடும் சைக்கிளுக்கு எவ்வளவு எண்ணெய் விடலாம்?

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் அவர், காலை மாலை இரு வேளையும் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை தார் ரோடுதான். ஆனால், கொல்லையிலிருந்து ரோட்டுக்கு வர மண் பாதை மட்டுமே உண்டு. பௌர்ணமி அன்று கூட்டத்தில் நுழைய முடியாமல் முழுத் தூரமும் மண் பாதையிலேயே சுற்ற வேண்டும். தினமும் செயினுக்கு எண்ணெய் விட்டும், நாலைந்து மாதத்தில் செயின் தொங்கிப் பல்சக்கரத்தில் நழுவுகிறது. பங்குனியில் ஒருநாள் பாதி வழியில் அறுந்துவிட, சொசைட்டி போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிட்டது. எண்ணெய் போதவில்லையா, செயின் மட்டமா என்பது கேள்வி.

எண்ணெய் அதிகமானதுதான் காரணம். செம்மண் புழுதியில் பொடி மணல் கலந்திருக்கிறது. அந்த மணல் சாதாரண எஃகையும் கீறக்கூடியது. செயினின் வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புழுதி அதில் ஒட்டிக் கறுப்புச் சாந்தாகிறது. அதன்மேல் தினமும் எண்ணெய் விடும்போது அந்தச் சாந்து கண்ணிக்குள் இறங்கி, பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத் தேய்க்கிறது. கோடை உழவு நேரத்திலும் ஆடிக் காற்றிலும் தேய்மானம் கூடுவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, கறுப்பு வராத வரை அலச வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். கால் மணி நேரம் கழித்து, வெளியே இருக்கும் எண்ணெய் முழுவதையும் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளேதான். தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டக் கூடாது. கோடையில் தினமும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை எண்ணெய் போதும்.

மோட்டார் கழிவு எண்ணெய் விடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதில் ஏற்கெனவே உலோகத் துகள் இருக்கிறது. கேரியரில் பசுந்தீவனக் கட்டு ஏற்றுபவர்கள் அதைத் தொடவே கூடாது. தீவனத்தில் பட்டால் மாட்டின் வயிற்றுக்குள் போகும். சமையல் எண்ணெயும் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகிவிடும்.

பாலைவனப் பகுதிகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் மெழுகு முறையைக் கையாளுகிறார்கள். வெள்ளை மெழுகுவத்தியை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிநீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஈரம் துளியும் இல்லாத செயினை அதில் முக்கி, சில நிமிடம் அசைத்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறிய மெழுகில் புழுதி ஒட்டாது. ஆனால், மழைக்கு இது தாங்காது. மழை பிடித்ததும் எண்ணெய்க்கு மாறிவிட வேண்டும்.

எப்போது மாற்றுவது?

சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின்னின் நடு வரை அளந்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் (1/8) நீண்டுவிட்டால் உடனே மாற்றிவிடலாம். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் ஃப்ரீவீலும் கொக்கி போலத் தேய்ந்து, புதுச் செயினும் அதில் நழுவும். இந்த வாசகருக்கு நடந்திருப்பது இதுவாகவும் இருக்கலாம். பற்களையும் பார்த்துக்கொள்வது நல்லது.

செயின் பூட்டு மாட்டும்போது, பட்டையின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும். முழு செயின் கவர் இருக்கும் பழைய வண்டியில் அதைக் கழற்றி எறிய வேண்டாம். புழுதிக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை.

ஹப், பெடல் அச்சு

போர் தண்ணீர் ஓஸை நேராக ஹப்பிலும் பெடல் அச்சிலும் பிடித்துக் கழுவக் கூடாது. தண்ணீர் வேகத்தில் மண் உள்ளே போய்விடும். ஈரத் துணியே போதும். கோடை தொடங்கும் முன்பும், மழைக்காலம் முடிந்த பின்பும், ஆண்டுக்கு இருமுறை ஓவராயில் செய்து புது கிரீஸ் வைக்க வேண்டும். பால்ரஸ் மாற்றினால் ஒரு பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் சுமை முழுவதும் சிலவற்றின் மேல் மட்டும் விழும்.

காற்றும் முள்ளும்

வெயிலில் டியூப் வெடிக்கும் என்று காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. காலையில் 50 பவுண்டு காற்று அடித்த டயர் 30 டிகிரி சூடேறினாலும் ஏறக்குறைய 6 பவுண்டுதான் கூடும். காற்றுக் குறைவாக வைத்துப் பால் கேன் ஏற்றினால் ரிம் நசுங்கும், டியூப் கடிபடும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவுக்கு அடித்து, வண்டியை நிழலில் நிறுத்தினால் போதும். வெயிலில் வால்டியூப் ரப்பர் காய்ந்து வெடிப்பதால், அதைக் கோடையில் ஒருமுறை மாற்றிவிடலாம்.

சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் குத்தினால், ஒட்டுப் போட்டதோடு நிறுத்தக் கூடாது. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவ வேண்டும். உடைந்த முள் நுனி அங்கேயே இருந்தால் துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சர்தான். பழைய டியூப்பை நீளமாக அறுத்து, டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைத்தால் சின்ன முட்கள் டியூப்பை எட்டாது.

பால் எடுத்துப் போகும் வண்டியில் ஒரு செயின் பூட்டு, ஒரு வால்டியூப் துண்டு, ஒரு ஸ்பேனர் எப்போதும் இருக்கட்டும்.